வலப்பக்கத் திருகு

நெடுந்தொலைவு வேட்டைக்கெனச் செய்யப்படும் ரைபிளின் ஸ்கோப்பில் இரண்டு திருகுகள் உண்டு. மேலே இருப்பது குறியை ஏற்றி இறக்குவது. வலப்பக்கம் இருப்பது குறியை இடமும் வலமும் நகர்த்துவது. இரண்டும் பெரும்பாலும் ஒரே உலோகத்தில் கடைந்தவை; ஒரே வகையான கோடுகளும் எண்களும் பொறிக்கப்பட்டவை. எதைத் திருப்பினாலும் விரல்நுனியில் ஒரே மாதிரியான 'கிளிக்' கேட்கும். இன்றைய ஸ்கோப்புகள் பலவற்றில் ஒரு கிளிக் என்பது 0.1 மில்லிரேடியன்; 100 மீட்டரில் 1 செ.மீ., 500 மீட்டரில் 5 செ.மீ. வேறு சிலவற்றில் அளவை பாகைக் கணக்கில் இருக்கும்: ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதிலும் கால் பங்கு, ஒரு கிளிக்.

இவ்வளவு ஒத்த உருவம் ஒரு மயக்கத்தைத் தருகிறது. இரண்டு திருகுகளும் ஒரே தரமான அறிவைக் கொண்டு இயங்குவன போலத் தோன்றுகின்றன. உண்மையில் மேல்திருகைத் திருப்புகிறவர் அறிந்ததைக் கொண்டு திருப்புகிறார். வலப்பக்கத் திருகைத் திருப்புகிறவர் ஊகித்ததைக் கொண்டு திருப்புகிறார். நெடுந்தொலைவு வேட்டையின் நுட்பமும் அறமும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றன.

மேல்திருகின் எதிரி புவியீர்ப்பு. 800 மீ/வி வேகத்தில் குழல்வாயை விட்டுப் புறப்படும் ஒரு குண்டு 500 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.77 நொடி எடுத்துக்கொள்கிறது எனக் கொள்க. அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலாக அது கீழே இறங்கிவிடும். கேட்பதற்குப் பெரிய பிழையாகத் தோன்றினாலும் இதனால் பெரிய துன்பம் இல்லை. புவியீர்ப்பு நேற்றிருந்ததைப் போலவே இன்றும் இருக்கிறது. தொலைவை லேசர் கருவி ஒரு மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு மீட்டர் பிழை குண்டை ஓரிரு செ.மீ.க்கு மேல் ஏமாற்றாது. காற்றழுத்தம், வெப்பநிலை ஆகியவையும் அளக்கத்தக்கவை. அட்டவணையில் வரும் எண்ணைத் திருகில் வைத்தால் போதும்.

வலப்பக்கத் திருகின் எதிரி காற்று. இதை ஆங்கிலத்தில் 'விண்டேஜ்' என்பர். சொல்லின் வரலாறு சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பீரங்கிக்காரர்களிடம் இச்சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை. பீரங்கிக் குழலின் உள்விட்டத்துக்கும் அதில் இடும் இரும்புக் குண்டின் விட்டத்துக்கும் இடையே விடப்படும் சந்துக்கே அந்தப் பெயர். சந்து மிகுந்தால் வெடிப்புகை அதன் வழியே ஒழுகி வீணாகும். குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் மோதி எந்தத் திசையில் வெளிவரும் என்று சொல்ல முடியாமல் போகும். குழலுக்குள் இருந்த அந்த இடைவெளி, வரிப்பள்ளம் வெட்டிய குழல்களும் அவற்றில் இறுகப் பொருந்தும் குண்டுகளும் வந்தபின் மறைந்தது. சொல் மட்டும் எஞ்சி, குழலுக்கு வெளியே வீசும் காற்றுக்காகச் செய்யும் திருத்தத்தைக் குறிக்கலாயிற்று. உள்ளே இருந்த ஐயம் வெளியே குடிபெயர்ந்தது எனலாம்.

காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளிச் செல்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆற்றைக் கடக்கும் பரிசலை நீரோட்டம் இழுப்பதைப் போன்ற ஒரு படிமம் மனத்தில் எழும். அப்படி இருந்தால் நான்கு மீ/வி குறுக்குக்காற்றில், 0.77 நொடிப் பயணத்தில், குண்டு மூன்று மீட்டர் விலகவேண்டும். அவ்வளவு விலகுவதில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பீரங்கியியலாளர் டிடியனின் பெயரால் வழங்கும் விதி வேறொன்றைச் சொல்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதே குண்டு அதே தொலைவைக் கடக்க 0.62 நொடிதான் ஆகும். உண்மையான நேரத்துக்கும் வெற்றிட நேரத்துக்கும் உள்ள வேறுபாடு 0.15 நொடி. இந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வருவதே விலகல்: 4 × 0.15, அதாவது 60 செ.மீ.

இதன் பொருள் ஆழமானது. சுழன்று செல்லும் குண்டு தன்மீது வந்து மோதும் காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. குறுக்குக்காற்று இருக்கும்போது அந்த மூக்கு மிகச் சிறிதளவு காற்று வரும் பக்கம் சாய்ந்திருக்கும். குண்டைப் பின்னுக்கு இழுக்கும் தடைவிசை அதன் அச்சின் வழியே செயல்படுவதால், அந்த இழுப்பின் ஒரு சிறு பகுதி பக்கவாட்டிலும் விழுகிறது. ஆக, குண்டை விலக்குவது அதன்மீதான தடை. காற்று அத்தடையின் திசையைச் சற்றே மாற்றிவைக்கிறது. தடையே இல்லாத குண்டைக் காற்று ஒன்றும் செய்ய இயலாது. களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. முறத்திலிருந்து ஒன்றாகச் சரியும் நெல்மணியும் பதரும் ஒரே காற்றைத்தான் சந்திக்கின்றன. தடையை வென்று விரைந்து விழும் மணி காலடியிலேயே குவிகிறது. தடையில் தயங்கும் பதர் தொலைவில் போய் விழுகிறது. நீண்டு கூர்ந்த மூக்குள்ள குண்டுகளை நெடுந்தொலைவுக்குத் தேர்வதன் காரணமும் இதுவே.

காற்றுத்தடையின் அளவு எவ்வளவு பெரியது என்பதை முதன்முதலில் சோதனையால் காட்டியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ். குண்டை ஒரு கனத்த ஊசலில் மோதவிட்டு அதன் வேகத்தைக் கணக்கிட்ட முறையை 1742இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அதுவரை பீரங்கியியல் நூல்களில் காற்றின் தடையைப் பொருட்படுத்தாது பரவளைவாகவே குண்டின் பாதையை வரைவது பெருவழக்கு. ஏட்டில் அழகாக இருந்த வளைவு வயலில் பொய்த்தது.

தாமதம் தொலைவோடு ஒரே சீராக வளர்வதில்லை. முன்சொன்ன குண்டுக்கே 200 மீட்டரில் தாமதம் ஏறத்தாழ 0.02 நொடி, நான்கு மீ/வி காற்றில் விலகல் 8 செ.மீ. தொலைவு இரண்டரை மடங்காகும்போது விலகல் ஏழு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. 200 மீட்டரில் காற்றைக் கவனியாமலே வெற்றி கண்ட ஒருவர், அதே துணிவோடு 500 மீட்டருக்குப் போகும்போது, தாம் இரண்டரை மடங்கு கடினமான செயலைச் செய்வதாக எண்ணிக்கொள்கிறார். அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது.

இனி, காற்றை அளப்பது எங்ஙனம்? வயோமிங் மாநிலத்தின் சேஜ் புதர்வெளியைக் கருதுக. அமெரிக்க மாநிலங்களில் பிராங்ஹார்ன் எனும் கவைக்கொம்பு மான் மிகுதியாக வாழ்வது அங்கே. மரமற்ற வெளி, ஓயாத காற்று, நெடுந்தொலைவுக்குத் தெளிவாகக் காணும் கண்களை உடைய விலங்கு. மேட்டின் விளிம்பில் ஒருவர் படுத்திருக்கிறார். மான் 500 மீட்டரில் மேய்கிறது. அவர் கையில் உள்ள காற்றுமானி அவர் இருக்கும் இடத்தின் காற்றை மட்டுமே சொல்லும். குண்டு கடக்கவிருக்கும் 500 மீட்டரில் ஒரு பள்ளம் இருக்கலாம். பள்ளத்தில் காற்று திசைமாறிச் சுழலலாம். புல்நுனி தரையொட்டிய காற்றைக் காட்டும். குண்டோ அதற்கு மேலே, வேறொரு காற்றில் செல்லும். நடுவழியில் நிறுத்திக் கேட்க எவரும் இல்லை.

ஆகவே அவர் குறிகளைப் படிக்கிறார். வெயில் ஏறிய வேளையில் தரையிலிருந்து எழும் கானலைத் தொலைநோக்கியில் பார்த்தால் அது நீரோடைபோல் ஒரு பக்கம் ஒழுகுவது தெரியும். ஒழுக்கின் சாய்வும் விரைவும் காற்றின் வேகத்தைக் குறிப்பாக உணர்த்தும். கானல் நேரே மேல்நோக்கிக் கொதித்தால் காற்று அடங்கியிருக்கிறது, அல்லது பார்வைக்கோட்டின் வழியே வீசுகிறது. காற்று வலுத்தால் கானல் தட்டையாகிக் குறியாகப் பயன்படாமல் போகும். இலை, தூசு, புல், முகத்தில் படும் குளிர்ச்சி ஆகிய எல்லாமே சான்றுகள்.

இவ்வகைச் சான்றுகளை முறைப்படுத்திய பழைய அளவை ஒன்று உண்டு. கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் கடலோடிகளுக்காக வகுத்தது; நிலத்தில் காணும் குறிகளை ஜார்ஜ் சிம்சன் 1906இல் சேர்த்தார். அதன்படி, முகத்தில் காற்று உணரப்பட்டு இலைகள் சலசலத்தால் இரண்டாம் படி. இலைகளும் சிறு கிளைகளும் இடைவிடாது அசைந்தால் மூன்றாம் படி. தூசும் தாளும் எழுந்தால் நான்காம் படி. மூன்றாம் படியின் எல்லை 3.4 முதல் 5.4 மீ/வி வரை. ஒரு சொற்றொடர், அதற்குள் இரண்டு மீ/வி அகலம்.

இந்த அகலத்தை மானின் உடலில் வைத்துப் பார்க்கவேண்டும். 500 மீட்டரில், 0.15 நொடித் தாமதத்துக்கு, 3.4 மீ/வி காற்று குண்டை 51 செ.மீ. விலக்கும், 5.4 மீ/வி காற்று 81 செ.மீ. விலக்கும். இடையே 30 செ.மீ. நடுவான 4.4 என்பதை ஏற்று, 66 செ.மீ.க்காகப் பதின்மூன்று கிளிக் திருப்பி வைத்தாலும் இருபுறமும் 15 செ.மீ. ஐயம் எஞ்சும். கவைக்கொம்பு மானின் உயிர்நிலை, அதாவது இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி, ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். மையத்திலிருந்து பிழைக்கு இடம் 10 செ.மீ. மட்டும். காற்றைச் சரியான படியில் வகைப்படுத்திய பிறகும், கை நடுங்காத பிறகும், ரைபிள் குறையற்றதாக இருந்த பிறகும், குண்டு உயிர்நிலைக்கு வெளியே போகலாம். மொழியின் வகைப்பாடு விலங்கின் நெஞ்சைவிட அகலமாக இருக்கிறது.

திசையிலும் இதே சிக்கல். குறிகாரர்கள் கடிகார முகத்தைத் தரையில் விரித்துக்கொள்கிறார்கள். இலக்கு பன்னிரண்டு மணியில். மூன்று மணியிலிருந்தும் ஒன்பது மணியிலிருந்தும் வருவது முழுமதிப்புக் காற்று. ஆறிலிருந்தும் பன்னிரண்டிலிருந்தும் வருவது மதிப்பற்ற காற்று. இடைப்பட்டவை அனைத்தையும் அரைமதிப்பு எனக் கொள்வது பழைய படைப்பயிற்சியின் வழக்கம். கணக்குப்படி ஒரு மணிக் காற்றின் குறுக்குக்கூறு சரிபாதி. இரண்டு மணிக் காற்றினதோ 87 விழுக்காடு. 'அரை' என்ற ஒரே பெயரில் இரண்டும் அடங்கிக்கிடக்கின்றன.

உடனிருந்து காற்றைப் படித்துச் சொல்லும் துணைவர் இருந்தால் வேறொரு வினா எழும்: எதைச் சொல்வது? தமிழில் தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். பெயர்கள் நான்கும் பிறப்பிடத்தைச் சுட்டுவன. ஆங்கிலத்திலும் காற்றுக்கு அதுவே மரபு. கடல் நீரோட்டத்துக்கு மட்டும் அது போகும் திசையால் பெயரிடுவர். "இடக்காற்று" என்று ஒருவர் சொன்னால் அது இடப்பக்கமிருந்து வருவதா, இடப்பக்கம் போவதா? இதனால் பயிற்சி பெற்ற இணைகள் காற்றைப் பெயரிட்டு விவரிப்பதைத் தவிர்த்து, செய்யவேண்டிய திருத்தத்தை மட்டும் சொல்கின்றனர்: "இடம், ஒன்று புள்ளி மூன்று." விவரணை ஏவலாகச் சுருங்குகிறது. அந்த ஏவலுக்கும் ஆயுள் சில நொடிகளே. கேட்டவர் உடனே விசையை அழுத்தவேண்டும். தயங்கினால் சொல்லப்பட்ட காற்று கடந்துபோய்விடும். திருகைத் தொடாமல், கண்ணாடியில் உள்ள கோடுகளைக் கொண்டு குறியைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பதைப் பலர் விரும்புவதன் காரணமும் இதுவே. மேல்திருகைத் திருப்பி வைப்பார்கள். காற்றுக்கோ கண்ணளவில் தள்ளிப் பிடிப்பார்கள். அவ்வளவு நுட்பமாகக் கடைந்த வலப்பக்கத் திருகு பல வேளைகளில் தொடப்படாமலே இருந்துவிடுகிறது.

1874ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். அவ்வாண்டு ஜூனில், டெக்சஸின் அடோபி வால்ஸ் என்னுமிடத்தில் எருமை வேட்டைக்காரர்களுக்கும் பூர்வகுடிப் போர்வீரர்களுக்கும் நடந்த மோதலின்போது, பில்லி டிக்சன் என்ற வேட்டைக்காரர் இரவல் பெற்ற ஷார்ப்ஸ் ரைபிளால் மிகத் தொலைவிலிருந்த ஒரு வீரரைச் சுட்டு வீழ்த்தினார். 1,538 கெஜம் என்று வழங்கப்படும் அந்தச் சூடு இன்றும் புராணம் போலப் பேசப்படுகிறது. டிக்சனோ அதைத் தற்செயலாக வாய்த்தது என்றே பின்னாளில் ஒப்புக்கொண்டார். செப்டம்பரில், நியூயார்க்கை அடுத்த க்ரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜத் தொலைவுகளில் போட்டியிட்டன. 934க்கு 931 என அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவரின் குண்டு இலக்கின் மையத்தையே துளைத்தது. ஆனால் அது பக்கத்து இலக்கு. அதற்கு மதிப்பெண் சுழியம்.

க்ரீட்மூரில் தவறிய குண்டு மூன்று புள்ளி வேறுபாட்டில் ஒரு கோப்பையை இழக்கச் செய்தது, அவ்வளவே. போட்டித்தளத்தில் கொடிகள் பறக்கும்; சோதனைச் சூடுகளுக்கு இடமுண்டு; ஒவ்வொரு சூட்டின் முடிவும் காட்டப்படும்; அடுத்த சூட்டில் திருத்திக்கொள்ளலாம். காற்றைப் படிக்கும் கலை அங்கே வளர்ந்ததற்குக் காரணம், பிழை உடனே தெரிந்ததும் அதற்கு விலை குறைவாக இருந்ததுமே. வேட்டைவெளியில் முதற்சூடே தேர்வு. பிழையின் விலையைக் கொடுப்பதும் சுட்டவர் அல்லர்.

அந்த விலை என்ன என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். நுரையீரலைத் துளைக்கும் குண்டு சில நொடிகளில் விலங்கை வீழ்த்தும். 15 செ.மீ. பின்னே போய் வயிற்றில் பாய்ந்தால் விலங்கு முதுகைக் கூனிக்கொண்டு நடந்தோ ஓடியோ மறையும். சாவு வரப் பல மணி நேரம் ஆகும். தரையில் குருதி அதிகம் சிந்தாது. உடனே துரத்தினால் மேலும் தொலைவு ஓடும் என்பதால் மணிக்கணக்கில் காத்திருந்து தேடுவதே அனுபவமுள்ளோர் வழக்கம். 500 மீட்டருக்கு அப்பால், ஒன்றுபோலத் தோன்றும் புதர்களுக்கிடையே, விலங்கு நின்ற இடத்தைக் கண்டடைவதே அரிது. சில வேளைகளில் குண்டு பட்டதா இல்லையா என்பதே சுட்டவருக்குத் தெரியாமல் போகும். தவறிவிட்டது என்று எண்ணி அவர் எழுந்துபோய்விடக்கூடும்.

எனவே "இந்த ரைபிள் எவ்வளவு தூரம் சுடும்?" என்ற வினா பிழையானது. கேட்கவேண்டியது, "இன்றைய காற்றை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்?" என்பதே. ஊகத்தில் ஒரு மீ/வி பிழை வரக்கூடும் எனில், 10 செ.மீ. எல்லைக்குள் நிற்கத் தாமதம் 0.10 நொடிக்குள் இருக்கவேண்டும். முன்சொன்ன குண்டுக்கு அது 400 மீட்டரை ஒட்டிய தொலைவு. பிழை இரண்டு மீ/வி ஆனால் எல்லை 300 மீட்டருக்கருகே சுருங்கிவிடும். கையின் பிழையும் குழலின் பிழையும் சேர்ந்தால் இன்னும் குறையும். காலையில் ஏற்கத்தக்கதாக இருந்த அதே தொலைவு பிற்பகலில் ஏற்கத்தகாததாகலாம். எல்லை என்பது கருவியில் பொறித்த எண் அன்று. சுடுகிறவரின் அறியாமையின் அளவு.

இன்றைய கைப்பேசிச் செயலிகள் இந்த அறியாமையைக் காட்டுவதில்லை. காற்று 4.4 என்று உள்ளிட்டால் திருத்தம் 1.3 என்று விடை தரும். உள்ளிட்டது ஊகம், வெளிவந்தது பதின்மப் புள்ளியோடு கூடிய எண். ஊகம் கருவிக்குள் நுழைந்து அளவீடாக வெளிவருகிறது. ஆய்வுலகிலும் இது அறியாத நிகழ்வன்று. இருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன விடைகள் அட்டவணையில் ஏறியதும் இரண்டு பதின்ம இலக்கங்களோடு உறுதியாக நிற்பதை எந்தத் துறையிலும் காணலாம். தயக்கத்தைப் பதிவுசெய்ய அட்டவணையில் கட்டம் இருப்பதில்லை. அங்கே பிழையான முடிவு ஒரு மறுப்புக் கட்டுரையால் திருத்தப்படும். இங்கே அது புதருக்குள் நடந்து மறையும்.

வேட்டையில் காற்றுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. நெருங்கிச் சென்று சுடும் வேட்டைக்காரருக்குக் காற்று என்பது மணம். கைப்பிடி நுண்தூளைத் தூவி, அது எப்பக்கம் போகிறது என்று பார்த்து, மனித வாடை விலங்கை எட்டாத பக்கமாகவே அவர் ஊர்ந்து செல்வார். காற்று திசைமாறினால் விலங்கு தலை நிமிர்ந்து ஓடிவிடும். அவருக்கு அன்றைய வேட்டை முடிந்தது. அங்கே காற்றின் பிழை விலங்கைக் காத்தது. நெடுந்தொலைவுச் சூட்டில் அதே காற்று விலங்குக்கு எதையும் அறிவிப்பதில்லை. குண்டை நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு நகர்த்துவது மட்டுமே அதன் வேலையாகிவிடுகிறது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், வேட்டையை ஆதரிக்கும் அமைப்பாக இருந்தும், விலங்கின் புலன்களுக்கு ஆபத்தை உணரும் வாய்ப்பே தராத நெடுந்தொலைவுச் சூட்டை ஏற்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டையை ஏறத்தாழ மறந்துவிட்ட இந்திய வாசகருக்கு இது அயலார் வழக்காகத் தோன்றலாம். ஆனால் விலங்குக்கு எஞ்சிய வாய்ப்பு எது, அதைப் பறித்தது எது என்ற வினா எந்த நாட்டுக்கும் உரியது.

படுத்திருக்கும் அந்த மனிதருக்கு முன்னே இரண்டு வழிகள் உள்ளன. வலப்பக்கத் திருகைப் பதின்மூன்று கிளிக் திருப்பிவிட்டுக் காற்று தம் சொல் கேட்கும் என்று நம்பலாம். அல்லது ரைபிளைத் தோளிலிருந்து இறக்கி, பள்ளத்தின் வழியே இருநூறு முந்நூறு மீட்டர் ஊர்ந்துபோய்ப் பார்க்கலாம். ஊர்ந்து போனால் மான் பெரும்பாலும் அவரைக் கண்டுவிடும்; வெறுங்கையோடு திரும்பவேண்டியிருக்கும். திறமையான குறிகாரர்கள் பலர் இரண்டாம் வழியைத் தேர்கிறார்கள். காற்றை நெடுங்காலம் படித்தவர்களே அதை நம்பாமல் இருக்கக் கற்றவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் சுடாமல் விட்ட சூடுகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அந்த மான்கள் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கும்.